அடுத்த தேதியை எது முடிவு செய்கிறது? சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் 26 ஆண்டுகள் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்தவள். டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. அடையாள அட்டையை வாங்கிப் பதிவது, எண்ணைக் கூப்பிடுவது, மாத்திரையை எண்ணிப் பிளாஸ்டிக் பையில் போட்டு லேபிள் ஒட்டுவது, காசு வாங்குவது, கடைசியில் அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மற்ற வேலைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அடுத்த தேதியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வடக்கே எங்கள் வட்டாரத்தில் ஆறேழு அடுக்குமாடி புளோக்குகளுக்கு அந்த ஒரு கிளினிக்தான். காலை எட்டரைக்குக் கதவைத் திறக்கப் போனால் படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு என்று மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு டாக்டர் கையை ஆட்டி "மூணு மாசம்" என்பார். நான் 90 நாள் மருந்தை எண்ணிப் பையில் போடுவேன், மூன்று மாதம் தள்ளித் தேதி போடுவேன். கூட்டம் மிகுந்த காலத்தில் நான்கு மாதம் போட்டதும் உண்டு. யாரும் கெட்டுப் போகவில்லை.

அப்புறம் இரண்டே ஆண்டுகளில் இன்னும் இரண்டு கிளினிக்குகள் வந்தன. ஒன்று காப்பிக்கடைக்கு எதிரில், இன்னொன்று மினிமார்ட்டை ஒட்டி. புதன்கிழமை மதியங்களில் எங்கள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மின்விசிறி மட்டும் சுற்றும். யாரும் கூட்டம் போட்டு எதையும் தீர்மானிக்கவில்லை. எந்த உத்தரவும் எனக்கு வரவில்லை. ஒருநாள் தேதி எழுதும்போதுதான் கவனித்தேன், நான் ஆறு வாரம் தள்ளி எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் அது ஒரு மாதம் ஆனது. அதே ஆள், அதே 130க்கு 80, அதே மாத்திரை. மருந்து மட்டும் 30 நாளுக்கு.

என் டாக்டரைத் திருடர் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வரும் ஊழியர்களிடம் எத்தனையோ தடவை காசு வாங்காமல் அனுப்பியவர் அவர். கேட்டிருந்தால், அடிக்கடி பார்ப்பது நல்லதுதானே என்றுதான் சொல்லியிருப்பார். அதை மனதார நம்பியும் இருப்பார். காலையில் 60 பேரைப் பார்க்கும் நாளில் லேசான இருமலுக்கு "பார்த்துக்கலாம், போய் ஓய்வெடுங்க" என்று சொன்ன அதே வாய், 15 பேர் வரும் நாளில் "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுவோம்" என்று சொல்லும். நாட்குறிப்பில் இடம் இருந்தால் கவலைக்கும் இடம் வந்துவிடுகிறது.

தேக்கா கடைத்தெருவில் இன்னொரு புடவைக் கடை திறந்தால் என்ன ஆகும்? விலை இறங்கும், இல்லை ஒரு கடை மூடும். எத்தனை புடவை வேண்டும் என்பதை வாங்குகிறவர்தான் முடிவு செய்வார் (கடைக்காரர் முயற்சி செய்வார், அது வேறு). கிளினிக்கில் மட்டும்தான், எவ்வளவு வாங்கலாம் என்று விற்கிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அவர் சொன்னதை மறுக்க நமக்குப் படிப்பு இல்லை, துணிச்சலும் இல்லை.

இதெல்லாம் உங்களுக்குப் புதிது இல்லை என்பது எனக்குத் தெரியும். 1993-ஆம் ஆண்டு அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையே இதைத்தான் சொன்னது: டாக்டர்கள் கூடினால் சிகிச்சைக்கான தேவையும் கூடும், செலவு ஏறும், ஆகவே அவர்கள் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அதே ஆண்டில், இங்கே அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் 176-லிருந்து 28 ஆகச் சுருங்கியது. அதற்கு முன்பே, 1979 முதல், மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஓர் இடம்தான் என்ற வரம்பும் இருந்தது. பெண்கள் படித்துவிட்டு வேலையை விட்டுவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். 2003-ல்தான் அது நீங்கியது. நன்றாகப் படித்தும் இடம் கிடைக்காத பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் என் கவுண்டரில் நின்று புலம்பியிருக்கிறார்கள். இந்த மடலுக்கு அது தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அப்புறம் காற்று மாறியது. மக்கள்தொகை பெருகியது, மூப்படைந்தது, டாக்டர்கள் போதவில்லை. 2007-ல் டியூக்-என்யுஎஸ், 2013-ல் லீ கொங் சியான் என்று மேலும் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களைச் சேர்த்தன. வெளிநாட்டுக் கல்லூரிப் பட்டியல் 160 வரை வளர்ந்து, 2020-ல் 103 ஆகக் குறைந்து, 2025-ல் 112 ஆனது. குழாயைத் திருகுவது, திறப்பது, மறுபடி திருகுவது. முப்பது ஆண்டுகளாக நடப்பது இதுதான். குழாயைத் திறக்கிறோமா மூடுகிறோமா என்பதிலேயே கவனமாக இருந்துவிட்டு, தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறது என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்பதுதான் என் கேள்வி.

ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1959-ல் அமெரிக்காவில் ரோமர் என்ற பொதுச் சுகாதார அறிஞர் தம் சகாவுடன் சேர்ந்து, எந்த ஊரில் மருத்துவமனைப் படுக்கை அதிகமோ அந்த ஊரார் அதிக நாட்கள் மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்று காட்டினார். கட்டிய படுக்கை காலியாக இருக்காது என்பது அதன் சாரம். அதைவிட என் மனதில் தைத்தது வெர்மாண்ட் மாநிலக் கதை. வென்பெர்க் என்ற மருத்துவர் 1970-களில் அங்கே ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஓர் ஊரில் 15 வயதுக்குள் 100 பிள்ளைகளில் 70 பேருக்குத் தொண்டைச் சதையை வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் 20 பேருக்குத்தான். ஒரே பனி, ஒரே பள்ளிக்கூட இருமல். வேறுபட்டது அந்தந்த ஊர் டாக்டர்களின் பழக்கம் மட்டுமே. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்: அந்த எண்களை டாக்டர்களிடமே காட்டினார்கள். அறுவை சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன. யாருக்கும் அபராதம் போடவில்லை, யாரையும் சிறையில் வைக்கவில்லை.

தென்கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் ஸ்கேன் கருவி வைத்திருந்தவர்கள், இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்றார்கள். 2011-ல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் மட்டும் அப்படியே இருந்தது. 2014-ல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே பொதுமக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ஓராண்டுக்குள் அந்த அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. ஒரு மடலால் அவ்வளவு நடக்கும் என்று படித்த பிறகுதான் எனக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்பிக்கடைக்கு எதிரில் வந்த அந்தப் புதிய கிளினிக்கைப் பார்த்து நான் முகம் சுளித்தது உண்மை. ஆனால் மேல் மாடியில் இருந்த ஓர் ஐயா, எங்கள் படிக்கட்டுக் கூட்டத்தைப் பார்த்தே பத்து வருடம் எந்த டாக்டரிடமும் போகாதவர். புதிய இடம் காலியாக இருக்கிறதே என்று காப்பி குடித்த கையோடு உள்ளே நுழைந்தார். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 20 மில்லிமோலைத் தாண்டியிருந்தது, மிக அதிகம். கால் விரல் ஒன்றில் புண், அவருக்கே தெரியாது. அந்தக் கிளினிக் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் காலை இழந்திருப்பார். புது டாக்டர் வந்ததால் உண்டான தேவைதான் அதுவும். கணக்கில் பார்த்தால், எங்கள் கிளினிக்கின் ஒரு மாதத் தேதியும் இந்த ஐயாவின் முதல் வருகையும் ஒன்றுபோல ஒரு 'வருகை' என்றே பதிவாகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து டாக்டர்களைக் குறைத்தால் முதலில் அடிபடுவது அவர்தான், நாங்கள் இல்லை. அதனால்தான் 1993-ன் மருந்தை மறுபடி எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்கு நெஞ்செரிச்சல். பலதுறை மருந்தகத்திலிருந்து (அரசாங்கப் பாலிகிளினிக்) அரசாங்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தேதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தது. அவருக்குப் பொறுமை இல்லை. தனியார் நிபுணர் ஒருவரிடம் போனோம். கவுண்டரில் இருந்த பெண் (என்னைப் போன்ற ஒருத்திதான், நான் குறை சொல்ல மாட்டேன்) பெயர் கேட்டாள், அடுத்து எந்தக் காப்புறுதி என்றாள், அடுத்து ரைடர் (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கையும் ஏற்கும் கூடுதல் காப்புறுதி) இருக்கிறதா, முழுப் பங்கையும் ஏற்கும் முழு ரைடரா என்றாள். என்ன தொந்தரவு என்பது நான்காவது கேள்வி. எல்லாம் ஒரே தாளில். அந்தத் தாள் நமக்கு முன்பே டாக்டரின் அறைக்குள் போய்விட்டது. ஏழு நிமிடப் பேச்சு. மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், இந்த வாரமே இடம் இருக்கிறது என்றார்.

பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பில்லை நாங்கள் கண்ணாலும் பார்க்கவில்லை, அது நேராகக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போனது. என் கணவர் அந்த டாக்டருக்கு ஒரு கூடைப் பழம் வாங்கிக் கொடுத்தார். வயிறு சுத்தம் என்று தெரிந்த நிம்மதி. இத்தனை வருடம் கவுண்டரில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்த எனக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தேவையில்லாத பரிசோதனைக்குத்தான் 'ஒன்றுமில்லை' என்ற பதில் அதிகம் வரும். அந்தப் பதிலுக்குத்தான் மனிதர் அதிகம் நன்றி சொல்வார். இதில் ஏமாந்தவர் என்று யாரைக் காட்டுவது?

அடுத்த ஆண்டு அதே நெஞ்செரிச்சலோடு அவர் நண்பர் வேறொரு டாக்டரிடம் போனார். ரைடர் இல்லாதவர். நான்கு வார மாத்திரை, ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள், சம்பலைக் குறையுங்கள். இன்றைக்கு இருவரும் நன்றாக இருக்கிறார்கள், இருவரும் சம்பல் சாப்பிடுகிறார்கள். எது சரியான வைத்தியம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை முடிவு செய்தது இரண்டு வயிறுகளுக்கு இடையே இருந்த வித்தியாசம்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

2018-ல் உங்கள் அமைச்சே சொன்னது, தனியார் மருத்துவமனைகளில் முழு ரைடர் வைத்திருப்போரின் சராசரிக் கட்டணம் ரைடர் இல்லாதவர்களைவிட 60 விழுக்காடு அளவுக்குக் கூடுதல் என்று. அதற்குப் பிறகு நோயாளி குறைந்தது 5 விழுக்காடாவது தாமே கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 2026 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், நாம் முதலில் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஏற்காது, நாம் பகிர வேண்டிய ஆண்டு உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து 6,000 ஆகிறது. புரிகிறது. நோயாளி தம் பையிலிருந்து எடுத்தால் கேள்வி கேட்பார் என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் கேட்பார்தான். ஆனால் படுக்கையில் படுத்துக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டவரிடம் 'இது வேண்டுமா டாக்டர்' என்று எத்தனை பேரால் கேட்க முடியும்? என் மாமியார் வயது மனிதர்கள் டாக்டரின் முன் கைகட்டி நிற்பவர்கள். எவ்வளவு வாங்கலாம் என்பதை விற்கிறவர் முடிவு செய்கிற இடத்தில், வாங்குகிறவரின் காதைத் திருகுகிறீர்கள்.

கட்டணத்திலும் இதே கதைதான். 2018-லிருந்து டாக்டர் கட்டணத்துக்கு அளவுகோல் வெளியிடுகிறீர்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். எத்தனை தடவை என்பதற்கு எங்கே பார்ப்பது?

தனியார் கிளினிக் செலவுக்கு அரசாங்கம் மானியம் தரும் சாஸ் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல திட்டம், எங்கள் வட்டாரத்தில் அது வந்த பிறகு மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள். சிக்கலான நாட்பட்ட நோய்க்கு குறைந்த வருமானமுள்ள நீல அட்டைக்காரருக்கு ஒரு வருகைக்கு 125 வெள்ளி வரை, ஆண்டுக்கு 500 வரை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் யாரும் மனக்கணக்காய்ச் சொல்வார்கள்: நாலு. ஆண்டுக்கு நான்கு தடவை. அவருக்கு இரண்டு தடவை போதுமா, ஆறு தடவை வேண்டுமா என்று நோயைக் கேட்க வேண்டும். நாங்கள் அட்டையைக் கேட்டோம். நானே டாக்டரிடம், "இவருக்கு இந்த வருஷம் இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் அப்படிச் சொல்வேன். தவறு என்று அப்போது தோன்றவில்லை, கிடைக்கிறதை ஏன் விட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

2023 ஜூலையில், ஒரே குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்தபோது, பதிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் டாக்டருக்கு ஆண்டுக்கொரு சேவைக் கட்டணம் என்றீர்கள். என் கடைசி ஆண்டுகளில் அதன் வேலையையும் நான் பார்த்தேன். உட்கார்ந்து திட்டம் போடுவது, தடுப்பூசிக்கு நினைவூட்டுவது, போன் போட்டுக் கேட்பது என்று முன்பு காசு வராத வேலைக்குக் காசு வந்தது. அது சரியான வாய்க்கால் என்பது என் எண்ணம். ஆனால் கிளினிக்கின் வாடகையை அது கட்டவில்லை. வாடகையைக் கட்டியது இன்னமும் வருகையும் மருந்தும்தான். நம் ஊர்க் கிளினிக்கில் டாக்டரே மருந்தை எழுதி, டாக்டரே விற்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிபனுக்குக் கொடு' என்பது பழமொழி. இங்கே இருவரும் ஒரே ஆள், இருவருக்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நிலையான இரத்த அழுத்தக்காரரை எங்கள் கிளினிக் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறது, வட்டாரத்தின் மற்ற கிளினிக்குகள் எத்தனை வாரம் என்பதை ஆண்டுக்கொருமுறை டாக்டருக்கு ஒரு தாளில் அனுப்புங்கள். சாஸ், மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கோரிக்கைகள் எல்லாம் உங்களிடம்தான் வந்து சேர்கின்றன, கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. குழாய்ப் பரிசோதனை செய்யும் நிபுணர்களுக்கும் அப்படியே. பெயரை வெளியிட வேண்டாம். என் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார், அது போதும்.

இன்னொன்று, 'உங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம்' என்று பொறுமையாக விளக்கி அனுப்பும் டாக்டருக்கு அந்த நேரத்துக்கு நல்ல கூலி கொடுங்கள். அப்படிச் சொல்லத்தான் அதிக நேரம் பிடிக்கும். பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

நிபுணரின் கவுண்டரில் காப்புறுதியும் தொந்தரவும் ஒன்றாக எழுதிய அந்தப் பதிவுத் தாளையும் இரண்டாகக் கிழிக்கச் சொல்லுங்கள். நோயாளி என்ன காப்புறுதி வைத்திருக்கிறார் என்பது பில் போடும் கவுண்டருக்குத் தெரிந்தால் போதும். என்ன வைத்தியம் என்று எழுதி முடிக்கும் வரை டாக்டரின் மேசைக்கு அது போகக்கூடாது. செலவு தெரியாமல் நோயாளி எப்படிச் சம்மதிப்பார் என்பீர்கள். டாக்டர் எழுதிய பிறகு வெளியே வந்து எங்களிடம் கேட்கட்டும், நாங்கள் சொல்கிறோம். ஆயிரக்கணக்கான தடவை அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கடைசியில் கேட்பதால் கிளினிக் ஒன்றும் இடிந்து விழாது.

2030-க்குள் பலதுறை மருந்தகங்கள் 32 ஆகும், பொது மருத்துவமனைகளில் இன்னும் 2,800 படுக்கைகள் வரும் என்கிறீர்கள். வரட்டும். அவசரப் பிரிவில் படுக்கைக்காக ஓர் இரவு முழுக்கத் தள்ளுவண்டியில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படுக்கைகள் நிறையும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலை இழக்கவிருந்த அந்த ஐயாவைப் போன்றவர்களால் நிறைகின்றனவா, எங்கள் புதன்கிழமை மதியத்தைப் போல நிறைகின்றனவா என்பதைப் பிரித்துப் பார்க்க இப்போதே ஒரு வழி செய்து வையுங்கள்.

சென்ற மாதம் எனக்கே இரத்த அழுத்தம் என்று பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். இளம் டாக்டர், என் மகள் வயது. அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து என்றார். கவுண்டரில் இருந்த பழக்கம் விடவில்லை, கேட்டுவிட்டேன்: "ஆறு மாதம் என்பது என் உடம்புக்குப் போதும் என்பதாலா டாக்டர், இல்லை உங்களிடம் இடம் இல்லை என்பதாலா?"

திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "ரெண்டும்தான், ஆன்ட்டி."

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து, ஓய்வுபெற்ற கிளினிக் உதவியாளர் ஒருவர்